மல்லாட்டை விளையும் ஊரில் என்ன தொழில் செய்வது?

வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து கேட்கிறார்கள். "அண்ணா, வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன். இயற்கை வழியில ஏதாவது தொழில் செய்யணும். என்ன செய்யலாம்?" சிறுசேரியில் கணினி வேலை பார்ப்பவர் கேட்கிறார். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் பார்த்து அலுத்தவர் கேட்கிறார். பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருக்கும் பெண்ணும் கேட்கிறார். நான் பதில் சொல்வதற்கு முன்பே பாதிப் பேர் பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். "மரச்செக்கு போடலாம்னு பாக்கறேண்ணா."

சேத்துப்பட்டு, தேசூர், வந்தவாசி, அந்தப் பக்கம் திண்டிவனம் வரைக்கும் எங்கள் பூமி மல்லாட்டை பூமி. நிலக்கடலை என்று புத்தகத்தில் எழுதினாலும் வாயில் வருவது மல்லாட்டைதான். டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களின் பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் செக்கு நினைப்பு வருவது இயல்பு. தப்பே இல்லை. ஆனால் செக்கு நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "வீடியோ பாத்தேன்" என்கிறார்கள். வீடியோவில் வாகை மர உரல் சுற்றுகிறது, எண்ணெய் பொன் நிறத்தில் இறங்குகிறது, மாதம் ஒரு லட்சம் என்று கீழே எழுத்து ஓடுகிறது. அந்த வீடியோ எடுத்தவரின் தொழில் வீடியோ எடுப்பது. சில நேரம் செக்கு இயந்திரம் விற்பவரே அதற்குப் பணம் கொடுத்திருப்பார்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவது யாரையும் மிரட்ட அல்ல. நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு பேச்சு இருக்கிறது. "இப்படிக் கணக்கு கணக்குன்னு பேசினா எவனும் ஊருக்குத் திரும்ப மாட்டான், வர்றவனையும் விரட்டிடாதீங்க" என்று மூத்த தோழர்கள் சொல்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. ஏன் என்பதற்கு முதலில் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். விலைகள் மாறும்; நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கின் வடிவம் மாறாது.

ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய்க்கு மரச்செக்கில் ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். இயற்கை வழியில் விளைந்த பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். புண்ணாக்கு ஒன்றரை கிலோ கிடைக்கும். கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்புகிறது. நிகரம் 240. ஆட்டுகிற ஆள் கூலி, மின்சாரம் இரண்டும் சேர்ந்து 25. பாட்டில், மூடி, லேபிள் 15. ஆக 280 ரூபாய் ஆகிவிட்டது. பாட்டிலில் 380 என்று விலை போடுகிறீர்கள். நகரத்து அங்காடிக்காரர் நூற்றுக்கு இருபது கழிவு கேட்பார், அதாவது 76 ரூபாய். உங்கள் கைக்கு 304. மிச்சம் 24. மாதம் 500 லிட்டர் விற்றால் 12,000 ரூபாய். இதில்தான் கொட்டகை வாடகை, கடன் வட்டி, எண்ணெய் பரிசோதனைச் செலவு, வண்டி, உடைந்த பாட்டில் எல்லாம்.

அங்காடியே வேண்டாம், நேராக வீடுகளுக்குக் கொடுக்கிறேன் என்றால் லிட்டருக்கு 100 ரூபாய் நிற்கும். 500 லிட்டருக்கு 50,000. இது பிழைக்கிற கணக்கு. ஆனால் ஒரு குடும்பம் மாதம் ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய் வாங்கும் என்றால் உங்களுக்கு 500 குடும்பம் வேண்டும். ஒரு மாதம் வாங்கிவிட்டு அடுத்த மாதம் மறப்பவர்கள் அல்ல, விடாமல் வாங்குகிற 500 குடும்பம். அதே தெரு மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் உங்கள் விலையில் பாதிக்கும் குறைவாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் அந்த வீட்டுப் பெண்மணி எதை எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு ஆரோக்கியம் பற்றித் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவருக்குத் தெரியும், பணம் இல்லை.

பெரும்பாலானவர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மாதம் 500 லிட்டர் என்றால் 1,250 கிலோ பருப்பு. மல்லாட்டை மாதாமாதம் அறுவடைக்கு வருவதில்லை. எங்கள் பக்கம் மானாவாரி ஆடிப்பட்டம் ஒன்று, கிணற்றுப் பாசனத்தில் மார்கழிப் பட்டம் ஒன்று. அறுவடை நேரத்தில் விலை இறங்கும், இடையில் ஏறும். அதனால் ஆறு மாதத்துக்கு வேண்டிய சரக்கை அறுவடையிலேயே வாங்கி வைக்க வேண்டும். 7,500 கிலோ. கிலோ 120 என்றால் ஒன்பது லட்சம் ரூபாய். செக்கு இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கிறது, மானியமும் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் (2020-ல் வந்தது) திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் வரை வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் உண்டு. இயந்திரத்தை நிறுத்துவது எளிதாகிவிட்டது. சரக்குக்கு வைத்திருக்க வேண்டிய ஒன்பது லட்சம்தான் பலரையும் கவிழ்க்கிறது. இயந்திரம் வந்து இறங்கிய அன்று பூஜை போட்டு, போட்டோ எடுத்து, நாலாம் மாதம் சரக்கு வாங்கப் பணமில்லாமல் உழவரிடம் "அடுத்த மாசம் தர்றேன்" என்று வந்து நிற்கிறார்கள்.

அங்கே ஆரம்பிக்கிறது எங்கள் பிரச்சினை. ஒரு செக்கு மூடப்பட்டால் நட்டம் அந்தப் பையனோடு போவதில்லை. எங்கள் பக்கம் ஒரு அம்மா, ஒன்றரை ஏக்கர் நிலம், ஐந்து வருடமாக உப்பு போடாமல், மருந்து அடிக்காமல் மல்லாட்டை வைக்கிறவர். நாலு மூட்டை பருப்பை இப்படி ஒரு புதுத் தொழில்முனைவோருக்குக் கடனுக்குக் கொடுத்தார். மூட்டை 80 கிலோ, ஆக 320 கிலோ. கடை மூடிவிட்டது. பையன் கெட்டவன் இல்லை, போனை எடுக்கவே கூச்சப்படுகிறான், மறுபடி சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான், கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "அடுத்த வருசம் கமிட்டியிலயே போட்டுடறேன்பா. வெலை கம்மியா இருந்தாலும் காசு கையில வருது." ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை எங்கள் பக்கம் கமிட்டி என்றுதான் சொல்வோம். கமிட்டி ஏலத்தில் இயற்கை மல்லாட்டைக்கும் உப்பு போட்ட மல்லாட்டைக்கும் ஒரே விலை. இரண்டுக்கும் ஒரே விலை என்றால், களையெடுக்க நாலு ஆள் கூடுதலாக விட்டு அவர் ஏன் இப்படி விளைவிக்க வேண்டும்? இரண்டு வருடம் கழித்து அந்த ஒன்றரை ஏக்கர் நம் கணக்கிலிருந்து போய்விடும். பத்து வருடம் கூட்டம் போட்டு, விதை கொடுத்து, வயலுக்கு வயல் நடந்து சேர்த்த நம்பிக்கையை ஒரு மூடிய கடை கலைத்துவிடுகிறது. தொழில் தேர்வு என்பது தொழில் செய்பவரின் சொந்த விஷயம் என்று என்னால் விட்டுவிட முடியாதது இதனால்தான்.

சூழல் தெரிய வேண்டும் என்று சொல்கிறோமே, அது என்ன? உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரத்தில் முடிவாகிற விலை அதில் முதன்மையானது. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு ஒன்றிய அரசு அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. 2025 மே கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தது. இரண்டு முடிவுகளும் டெல்லியில் எடுத்தவை. ஆனால் மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய்க்கும் உங்கள் பாட்டிலுக்கும் உள்ள இடைவெளி அதனால் கூடிக் குறைகிறது. செக்கு வைத்திருப்பவர் இதைப் படிக்க வேண்டும். செய்தித்தாளின் வணிகப் பக்கத்தைப் புரட்டாமல் தள்ளிவிடுகிற பழக்கம் இயற்கை உழவர்களான நம்மிடம் அதிகம். அது பெருமுதலாளிகளின் பக்கம் என்று ஒரு நினைப்பு.

தேங்காயைப் பாருங்கள். 2023-ல் அரவைக் கொப்பரைக்கு ஆதரவு விலை கிலோ 108 ரூபாய் 60 காசு. வெளிச்சந்தை விலை அதற்கும் கீழே கிடந்தது. தென்னை உழவர்கள் சாலைக்கு வந்தார்கள். அந்த விலையை வைத்துத் திட்ட அறிக்கை எழுதி வங்கியில் கொடுத்தவருக்கு 2025 நடுவில் என்ன ஆனது தெரியுமா? கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றே முக்கால் கிலோ வரை கொப்பரை வேண்டும். கொப்பரைக்கே 350 ரூபாய். வாடிக்கையாளர் "போன வருசம் 250க்குக் குடுத்தீங்களே" என்று கேட்கிறார். உழவருக்கு நல்ல காலம் வந்தபோது செக்குக்காரருக்குக் கெட்ட காலம் வந்தது. இருவரும் ஒரே இயக்கத்தில் இருக்கிறோம், ஒரே கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம். இதை வெளிப்படையாகப் பேசி, விலை ஏறினால் எப்படிப் பங்கிடுவது, இறங்கினால் எப்படித் தாங்குவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட குழுக்கள் குறைவு. எழுதிக்கொள்ளாதவர்கள் முகம் பார்க்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் சூழல்தான். இதில் அலட்சியம் அதிகம். சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அதைக்கூடச் செய்யாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக, திறந்த பாத்திரத்திலிருந்து ஊற்றி விற்பதற்குத் தடை இருக்கிறது. ஊர்ப்பழக்கத்தில் தூக்குவாளி கொண்டுவந்து வாங்குவது நமக்கு அழகாகத் தெரியலாம், சட்டத்துக்குத் தெரியாது. வாடிக்கையாளர் தன் சொந்த மல்லாட்டையைக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிக்கொண்டு போவது வேறு, நீங்கள் வாங்கி ஆட்டி விற்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால் ஒரு நல்ல தொழில் வழியும் தெரியும். கூலிக்கு ஆட்டுகிறவருக்கு அந்த ஒன்பது லட்சம் சரக்கு முதலீடு தேவையில்லை. மூட்டை வாடிக்கையாளருடையது, விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடையது. உங்களுக்கு அரவைக் கூலி. வருமானம் குறைவுதான். ஆனால் தூக்கம் வரும்.

பிறகு இந்த "ஆர்கானிக்" என்ற சொல். லேபிளில் அதை அச்சடிக்கச் சட்டம் 2017-ல் வந்துவிட்டது. ஏற்றுமதி வழியில் வந்த என்.பி.ஓ.பி. சான்று அல்லது உழவர் குழுக்கள் ஒருவரையொருவர் உறுதிசெய்யும் பி.ஜி.எஸ். சான்று, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். 12 லட்சத்துக்குள் விற்றுமுதல் உள்ள சிறு உழவரோ உழவர் அமைப்போ தன் விளைச்சலை நேராக நுகர்வோருக்கு விற்றால் சான்றிலிருந்து விலக்கு உண்டு. கவனியுங்கள், விலக்கு விளைவித்தவருக்கு. பத்துப் பேரிடம் வாங்கி, ஆட்டி, தன் பெயரில் பாட்டிலில் அடைத்துக் கடைக்குப் போடுகிறவருக்கு அல்ல. என்.பி.ஓ.பி. முறையில் ஆண்டுப் பயிர் நிலத்துக்கு இரண்டு ஆண்டு மாற்றுக்காலம் உண்டு. இன்று நிலத்தை மாற்றத் தொடங்கி, அடுத்த பொங்கலுக்குச் சான்றோடு எண்ணெய் விற்கிறேன் என்றால் அது நடக்காது. அந்த இரண்டு ஆண்டும் சாப்பிட வேண்டும், வட்டி கட்ட வேண்டும். இதைத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஆடிட்டர் ஆபீசில் யாரும் சொல்வதில்லை.

சரி, செக்கு வேண்டாம் என்றால் என்னதான் செய்வது?

எங்கள் ஊரில் மல்லாட்டை பிடுங்கியதிலிருந்து எண்ணெய் ஆகிற வரைக்கும் எங்கெங்கே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று நடந்து பாருங்கள். பிடுங்கிய கொடியை ஆய்வதற்கு ஆள் கிடைப்பதில்லை. ஆய்ந்த காயை உலர்த்தக் களம் போதவில்லை, தார்ச்சாலையில் கொட்டுகிறார்கள். சித்திரையில் திடீர் மழை வந்தால் மூடத் தார்ப்பாய் இல்லை. சரியாகக் காயாத காயில் பூஞ்சை ஏறும், அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அந்த நச்சு பெரும்பகுதி போய்விடும். சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் அது தங்கிவிட வாய்ப்பு உண்டு. நல்ல எண்ணெய் என்று நாம் சொல்வது களத்திலேயே முடிவாகிறது, செக்கில் அல்ல. இதைச் சொன்னால் செக்குக்காரர்களுக்குக் கோபம் வருகிறது.

காயாகவே வைத்தால் பருப்பைவிட நீண்ட நாள் கெடாது. ஆனால் நூறு கிலோ காய்க்கு எழுபது கிலோ பருப்புதான். காயாக வைக்க இடம் அதிகம் வேண்டும். உடைக்கும் இயந்திரத்தை அறுவடை நேரத்தில் தேடினால் கிடைக்காது, வேறு ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும். உடைத்தபின் சொத்தை, சுருங்கல், உடைசல் பிரிக்கப் பெண்கள் முறத்தோடு உட்கார வேண்டும். விதைக்கு எடுத்து வைப்பது அதைவிடப் பெரிய வேலை. ஏக்கருக்கு 50 முதல் 60 கிலோ பருப்பு விதையாக வேண்டும். நெல் போல இரண்டு படியில் முடிகிற காரியம் அல்ல. விதைப்பு நேரத்தில் நல்ல விதை மல்லாட்டைக்கு ஊர் ஊராக அலைகிறோம், கேட்ட விலை கொடுக்கிறோம்.

இந்த ஒவ்வொரு அடைப்பிலும் ஒரு தொழில் இருக்கிறது. ஒரு உலர்களமும் பத்துத் தார்ப்பாயும் ஈரப்பதம் பார்க்கிற ஒரு சின்னக் கருவியும் வைத்துக்கொண்டு காய வைத்துத் தருகிற தொழில். உடைக்கும் இயந்திரத்தை டிராக்டரில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற தொழில். தரம் பிரித்து, சாக்கில் கட்டி, யார் நிலத்தது என்று சீட்டு எழுதி வைத்து, ஊரில் ஏற்கெனவே ஓடுகிற மூன்று செக்குக்கும் மாதாமாதம் சப்ளை செய்கிற தொழில். விதைக் காயைத் தனியே பராமரித்துத் தருவது இன்னொன்று. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பிராண்டுப் பெயர் போட்ட விதையாக மட்டும் விற்கக் கூடாது. கடை திறந்து விதை வியாபாரம் செய்வதற்கு உரிமம் வேண்டும், அது தனிக் கதை.

இதில் எதற்கும் யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள். உலர்களம் வைத்திருப்பவனைப் பேட்டி காண நகரத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் "மாப்பிள்ளை சொந்தமா பிராண்டு வெச்சிருக்கார்" என்று சொல்வது எளிது, "மல்லாட்டை உடைக்கிறார்" என்று சொல்வது கடினம். இந்த வெட்கம் தொழில் தேர்வில் எவ்வளவு வேலை செய்கிறது என்று நாம் பேசுவதே இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்த பையன் தான் தோற்கவில்லை என்று சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பெயர்ப்பலகை தேவைப்படுகிறது. பெயர்ப்பலகைக்காகச் செக்கு. பத்து லட்சம் போனாலும் போகட்டும் என்று அப்பாவின் ஓய்வுப் பணம், அம்மாவின் நகை. இதைக் கொச்சையாக எழுதவில்லை, கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. "எங்களுக்கு லேபர் செலவே இல்லண்ணா, அம்மாவும் தங்கச்சியும் பாத்துக்கறாங்க" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். முறத்தில் சொத்தை பொறுக்குவதும், பாட்டில் கழுவுவதும், லேபிள் ஒட்டுவதும் அம்மா. அந்தக் கூலியைக் கணக்கில் எழுதாமல் லாபம் என்று காட்டினால் அது லாபம் அல்ல, அம்மாவின் கூலி. எழுதிப் பார்த்தால் பல "வெற்றிகரமான" தொழில்கள் நட்டத்தில் ஓடுவது தெரியும். கூலி எழுதாத தொழிலுக்கு வெளியாள் வைத்து விரிவுபடுத்தவும் முடியாது. விரிவுபடுத்திய அன்றே நட்டம் வெளியே தெரிந்துவிடும்.

மூத்த தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். நம்மாழ்வார் ஐயா இளைஞர்களைக் கிராமத்துக்கு அழைத்தார், நீ கணக்கு கேட்டுத் தடுக்கிறாய் என்கிறார்கள். ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969-ல் விட்டார். விட்ட மறுநாளே மேடை ஏறவில்லை. களக்காடு பக்கத்துக் கிராமங்களில் சுமார் பத்து ஆண்டு உழவர்களோடு இருந்து வேலை செய்தார். எது நடக்கும், எது நடக்காது என்பதை மானாவாரி நிலத்திலும் ஏழை வீட்டிலும் பார்த்துவிட்டுத்தான் பேசினார். அழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பத்து ஆண்டை விட்டுவிடுகிறோம்.

குமரப்பாவும் அப்படித்தான். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் படிப்புப் படித்தவர். காந்தி அவரிடம் முதலில் ஒப்படைத்த வேலைகளில் ஒன்று, குஜராத்தில் மாதர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார ஆய்வு. வீடு வீடாக வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன, மாடு எத்தனை என்று எழுதியது. 1934-ல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது, அதை நடத்தியவர் இந்த அனுபவத்தோடு வந்தார். அந்தச் சங்கம் கையில் எடுத்த தொழில்களில் எண்ணெய்ச் செக்கும் ஒன்று. செக்கைப் புனிதப் பொருளாக வைத்துக் கும்பிடவில்லை. எண்ணெய் கூட இறங்கவும், மாட்டுக்குச் சுமை குறையவும் அதன் அமைப்பையே திருத்தினார்கள். நாம் குமரப்பா படத்தை மாட்டியிருக்கிறோம். அவருடைய கணக்கு நோட்டை எடுக்கவில்லை.

பி.காம். படித்த அந்தப் பெண் கேட்டதற்கு நான் சொன்ன பதில் வேறு. எங்கள் பக்கம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நிறைய வந்துவிட்டன. 2020-ல் ஒன்றிய அரசு தொடங்கிய பத்தாயிரம் நிறுவனங்கள் திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை உதவி உண்டு. நிறுவனம் பதிவாகிறது, பங்குத்தொகை சேர்கிறது, ஆனால் ஒழுங்காகக் கணக்கு எழுத, இருப்புப் பார்க்க, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய, வாங்குபவரிடம் பேரம் பேச ஆள் இல்லை. "நீ சொந்தத் தொழில் இப்ப ஆரம்பிக்காதம்மா. ரெண்டு வருசம் ஒரு எஃப்.பி.ஓ.வுல சம்பளத்துக்கு வேலை பாரு. யார் நேரத்துக்குப் பணம் தர்றாங்க, யார் இழுத்தடிக்கறாங்க, எந்த மாசம் எது விலை ஏறுதுன்னு உனக்கே தெரிஞ்சுடும்" என்றேன். "அது வேலைக்குப் போற மாதிரிதானே அண்ணா" என்று கொஞ்சம் ஏமாற்றமாகக் கேட்டார். ஆமாம், வேலைதான். இயற்கை வேளாண்மைக்குத் தொழில்முனைவோர் மட்டும் போதாது, நல்ல வேலையாட்களும் வேண்டும். எல்லாரும் முதலாளி ஆகிவிட்டால் யார் மூட்டை எடை போடுவது?

சிறுசேரித் தம்பிக்குச் சொன்னது இன்னும் சுருக்கம். வேலையை விடாதே. சனி ஞாயிறில் உன் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் மூன்று செக்கில் ஒன்றிலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டு போய் விற்றுப் பார். உழவருக்கும் செக்குக்காரருக்கும் எடுக்கும்போதே பணம் கொடு. ஆறு மாதத்தில் எத்தனை வீடு தொடர்ந்து வாங்குகிறது என்று நோட்டில் எழுது. நூறு வீடு நின்றால் உனக்கு ஒரு தொழில் இருக்கிறது, அதற்குச் செக்கே தேவையில்லை. நூறு வீடு நிற்கவில்லை என்றால் செக்கு போட்டும் பிரயோசனமில்லை. தம்பி இதுவரை நாற்பது வீடு பிடித்திருக்கிறார். வேலையை இன்னும் விடவில்லை. போன மாதம் எள் எண்ணெய்க்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் ஊரில் எள் விதைப்பவர் குறைந்துவிட்டார்கள், இந்த முறை இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன்.

ஒரகடத்தில் இருந்தவர் நிஜமாகவே வந்துவிட்டார். இயந்திரம் தெரிந்த கை. உடைக்கும் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறார். அறுவடை நேரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் போன் வருகிறது. மற்ற மாதங்களில் வேலை இல்லை, அதற்கு என்ன செய்வது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். உளுந்து, பச்சைப்பயறு உடைக்கிற இயந்திரமும் சேர்க்கலாமா என்று பார்க்கிறார். நெல் பக்கம் போகலாமா என்றும் கேட்கிறார். பாரம்பரிய நெல்லைக் கைக்குத்தல் பதத்தில், தவிடு போகாமல் சின்ன அளவில் அரைத்துத் தர எங்கள் வட்டாரத்தில் ஆலை இல்லை. பெரிய ஆலைக்காரர்கள் ஐந்து மூட்டைக்கு இயந்திரத்தை நிறுத்தித் துடைத்து ஓட்ட மாட்டார்கள். தூயமல்லியும் சீரகச் சம்பாவும் வைத்திருப்பவர்கள் ஆறேழு பேர், வருடா வருடம் இந்தப் பிரச்சினையோடு அலைகிறார்கள். அவர்களிடம் மொத்தம் எத்தனை மூட்டை, எந்த மாதத்தில் அரைக்க வேண்டும், கூலி எவ்வளவு தர முடியும் என்று அவர் இப்போது வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பங்குனியில் பிடுங்குவோம். தொழில் தொடங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒரு பதினைந்து நாள் வந்து ஆய்வதிலிருந்து மூட்டை கட்டுவது வரைக்கும் கூட இருந்து பார்க்கலாம். தங்க இடம் இருக்கிறது, சாப்பாடு வீட்டில். கூலி, ஊரில் எல்லாருக்கும் என்னவோ அதுதான்.